“மிஷின்ல என்ன எரர் வந்துது?” – நம் அமைப்புகளுக்குள்ளேயே தொழில்நுட்பம் தெரிந்தவர்களை உருவாக்குவது பற்றி

முந்திரித்தோப்பு, கருங்கல் – ஞாயிறு இரவு 9.40

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். எங்கள் பக்கத்து அண்டி ஆபீசில் (முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில்) வேலை பார்க்கும் பெண்கள் 11 பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ரேஷன் கடையில் இவர்களுக்குக் கைரேகை விழுவதில்லை. அண்டி உடைத்தவர்களுக்குக் காரணம் தெரியும். தோட்டில் இருந்து வரும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் சில வருடங்களில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து, ரேகை தேய்ந்து, கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். கடையில் ஒரு விரலை வைப்பார்கள், புடவையில் துடைப்பார்கள், அடுத்த விரலை வைப்பார்கள். பிறகு கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார்கள். கடைக்காரர் பின்னால் நிற்கும் வரிசையைப் பார்ப்பார்.

அந்த அதிகாரி நல்லபடியாகத்தான் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மிஷின்ல என்ன எரர் வந்துது? நெட்வொர்க் இல்லையா, ரேகை பொருந்தலையா, இல்ல ஆதார்லயே ரேகை இல்லையா? மூணும் வேற வேற பிரச்சினைம்மா. எதுன்னு சொன்னா நான் எழுதிக் குடுக்கேன்.”

நான் 17 வருடமாகச் சங்க வேலை செய்கிறேன். மனு எழுதத் தெரியும், மறியலுக்கு ஆள் திரட்டத் தெரியும், தாசில்தாரிடம் நின்று பேசத் தெரியும். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

மீனவர் சங்கம், தோட்டத் தொழிலாளர், நூறு நாள் வேலை, விதவைப் பென்ஷன் என்று நம் மாவட்டத்தில் எதை எடுத்தாலும் நடுவில் இப்போது ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேள்வி கேட்க நமக்குள் ஆள் இல்லை. சென்னையில் இருந்தோ பெங்களூரில் இருந்தோ ஒருவர் வந்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகிறார். அப்புறம் அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. நம்மிடமே அந்த அறிவு தங்குவதற்கு என்ன செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

நிரல்காரன், நாகர்கோவில் – ஞாயிறு இரவு 10.55

அக்கா, நான் பத்து வருடம் ரயிலில் திருவனந்தபுரம் டெக்னோபார்க் மென்பொருள் வளாகத்துக்குப் போய் வந்தவன். இப்போது வீட்டில் இருந்தே வேலை. அந்த அதிகாரி கேட்டது சரியான கேள்வி. பதில் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஆதார் இணையதளத்தில் ‘ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி’ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு ஓடிபி வரும். உள்ளே போனால் கடந்த ஆறு மாதத்தில் அந்த எண் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்று காட்டும். ஒரு தடவைக்கு 50 பதிவு வரை பார்க்கலாம். தேதி, நேரம், கைரேகையா ஓடிபியா, வெற்றியா தோல்வியா எல்லாம் இருக்கும். தோல்வி என்றால் பக்கத்தில் ஒரு எண் வரும். அந்த எண்தான் விஷயம்.

300 என்றால், வைத்த விரல் பதிவில் இருக்கும் ரேகையோடு பொருந்தவில்லை. 811 என்றால், பதிவிலேயே ரேகை இல்லை. 330 என்றால், ரேகையை யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதியில் எந்தப் பதிவுமே இல்லை என்றால், விரல் வைத்த தகவல் அங்கே போய்ச் சேரவே இல்லை. அப்போது சிக்னலையும் மிஷினையும் பார்க்க வேண்டும்.

இதைப் பிரித்துப் பார்ப்பதால் என்ன லாபம்? 811 வந்தவரை ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போய்ப் பதிய வைத்தால் முடிந்தது. 330-ஐ ஐந்து நிமிடத்தில் திறக்கலாம். 300 வந்த அண்டி ஆபீஸ் அக்காவை மையத்துக்கு அனுப்புவது வீண் அலைச்சல். இன்று பதிந்த ரேகை அடுத்த வருடம் மறுபடி தேய்ந்துவிடும். அவருக்குக் கண் கருவிழி, ஓடிபி, அதுவும் இல்லையென்றால் பதிவேட்டில் கையெழுத்து என்று வேறு வழிதான் கேட்க வேண்டும். எல்லோருக்கும் சேர்த்து “ரேகை விழவில்லை” என்று ஒரே மனு கொடுத்தால், எல்லோருக்கும் சேர்த்து “புதுப்பித்து வாருங்கள்” என்று ஒரே பதில்தான் வரும்.

வேளிமலை – திங்கள் காலை 6.15

ஓடிபி வரவில்லை என்றால் என்ன செய்வது? எங்கள் அம்மாவின் ஆதாரில் யாருடைய நம்பர் இருக்கிறது என்றே தெரியவில்லை.

நிரல்காரன், நாகர்கோவில் – திங்கள் காலை 8.05

அதுதான் முதல் தடை. பெரும்பாலும் மகன் பழைய சிம்மோ, கார்டு எடுத்துக் கொடுத்தவர் நம்பரோ இருக்கும். முதலில் மையத்தில் மொபைல் எண்ணை மாற்றுங்கள். அதுவரை கடையில் மிஷின் திரையில் வரும் செய்தியைப் போட்டோ எடுத்து, தேதியும் நேரமும் நோட்டில் எழுதி வையுங்கள்.

வழக்கு எண், பத்மநாபபுரம் – திங்கள் பகல் 1.30

நான் வக்கீல். தம்பி சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள்.

2017 அக்டோபர் 24 அன்று மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஜார்க்கண்டில் ஒரு சிறுமி பட்டினியால் இறந்ததாகப் பெரிய சர்ச்சை எழுந்த மாதம் அது. நெட்வொர்க் இல்லை, ரேகை பொருந்தவில்லை என்ற காரணங்களுக்காக உணவுப் பாதுகாப்புச் சட்டப் பயனாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பொருள் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம் கடைகளில் 2020 அக்டோபரில் விரல்ரேகை வந்தபோது இந்தச் சுற்றறிக்கைக்கு மூன்று வயது.

அந்தப் பதிவேட்டை ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில். ஆனால் எப்படிக் கேட்பது என்பதில்தான் பாதி வேலை. 2(எஃப்) பிரிவில் ‘தகவல்’ என்பதற்குள் ஒப்பந்தம், பதிவேடு, மின்னணு வடிவில் உள்ள தரவு எல்லாம் வருகிறது. 2(ஜெ) பிரிவின்படி மின்னணு வடிவிலேயே கேட்கலாம். “அட்டவணைக் கோப்பாகத் தரவும்” என்று ஒரு வரி எழுதாமல் விட்டால் ஐந்நூறு பக்கம் ஜெராக்ஸ் வரும், பக்கத்துக்குக் காசும் கட்ட வேண்டும். பெயர்களைக் கேட்காதீர்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு ஆர்டிஐயின் 8(1)(ஜெ)-யைத் திருத்துகிறது. தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது இனி சுலபம். கடைவாரியாக, மாதவாரியாக எத்தனை தோல்வி, என்ன குறியீடு என்று எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று. மாநில அரசு 2020-ல் பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. ஒரு மென்பொருளை மக்களிடம் கொண்டுபோகும் முன் அதன் நியாயம், தனியுரிமை, தணிக்கை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடும் ‘டீப்மேக்ஸ்’ முறை அதில் இருக்கிறது. உங்கள் துறையில் முகம் அடையாளம் காணும் மென்பொருளோ, தானாகத் தகுதி பார்க்கும் மென்பொருளோ வந்தால் “இதற்கு டீப்மேக்ஸ் மதிப்பெண் எவ்வளவு?” என்று ஒரு கேள்வி போடுங்கள். பதில் வராவிட்டாலும் கேள்வி கோப்பில் ஏறும்.

தூத்தூர் தங்கல் – திங்கள் இரவு 11.20

தொழில்நுட்பம் தெரிந்த ஆள் நம்மிடம் இல்லை என்று முந்திரித்தோப்பு அக்கா எழுதியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் அப்பன் தாத்தாமார் கரையில் இருக்கிற மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கணியம் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பாரை (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டை) நடுக்கடலில் நேராகப் போய்ப் பிடித்தவர்கள். இது தொழில்நுட்பம் இல்லையா? ஜிபிஎஸ் வந்ததும் எங்கள் ஆட்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அவர்களே கற்றுக்கொண்டு, லட்சத்தீவு தாண்டிச் சுறா வேட்டைக்குப் போனார்கள்.

எங்களிடம் இல்லாதது வேறு. 2017 நவம்பர் 29, 30-ல் ஒக்கி வந்தபோது தூத்தூர், வல்லவிளை, சின்னத்துறை, நீரோடி வள்ளங்கள் தங்கலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க) போய் நாள்கணக்காகியிருந்தது. வயர்லெஸ் செட் கரையில் இருந்து கொஞ்ச தூரத்துக்கு மேல் எட்டாது என்று எங்களுக்குத் தெரியும். எச்சரிக்கை எந்த நேரத்தில், எந்த அலுவலகத்தில் இருந்து, எந்த வழியாக வந்திருக்க வேண்டும் என்பது தெரியாது. அதனால் “யாரும் சொல்லவில்லை” என்று அழத்தான் முடிந்தது. எந்த இடத்தில் சங்கிலி அறுந்தது என்று விரல் நீட்டிக் காட்ட முடியவில்லை.

இப்போது விசைப்படகுகளில் டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும் கருவி) வைக்கிறார்கள். உயிர் காக்கும் சாமான், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் என் படகு நிற்கும் இடம் யார் திரையில் தெரிகிறது? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? பார் இருக்கும் இடம் ஒரு குடும்பத்தின் சொத்து மாதிரி, அண்ணன் தம்பிக்குக்கூடச் சொல்ல மாட்டோம். அந்தத் தடத்தைச் சேர்த்துவைத்தால் ஒரு வருடத்தில் எல்லாப் பாரும் வரைபடத்தில் வந்துவிடும். இதைக் கூட்டத்தில் கேட்டேன். “அதெல்லாம் செக்யூர்” என்றார்கள். செக்யூர் என்றால் என்ன என்று அடுத்த கேள்வி கேட்க எனக்குத் தெரியவில்லை. அடுத்த கேள்வி கேட்கத் தெரிவதைத்தான் நாங்கள் கற்க வேண்டும்.

கீரிப்பாறை – செவ்வாய் காலை 5.50

நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன், சங்கத்தில் இருக்கிறேன். எல்லோரும் எழுதியதை மரியாதையோடு படித்தேன். எனக்கு ஒப்புதல் இல்லை.

ரேகை தேய்ந்தவருக்கு அரிசி கொடுக்க வேண்டும். இது ஒரு வரிக் கோரிக்கை. நாம் 300, 811 என்று படிக்க ஆரம்பித்தால் அவர்கள் செய்ய வேண்டிய வேலையை நாம் சம்பளம் இல்லாமல் செய்கிறவர்களாக ஆகிவிடுவோம். நாளைக்கு ஆபீசிலேயே சொல்வார்கள், “சங்கத்துக்குப் போங்க, அவங்க பார்த்துச் சொல்வாங்க” என்று. போராட வேண்டிய நேரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் போய்விடும். இளைஞர்கள் லேப்டாப்பைத் திறந்தால் ஊர்க்கூட்டத்துக்கு வருவதில்லை, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முந்திரித்தோப்பு, கருங்கல் – செவ்வாய் இரவு 9.10

அண்ணாச்சி சொல்வதில் பாதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். உதவி மையமாக மாறிவிடும் பயம் எனக்கும் இருக்கிறது. போன வருடம் ஒரு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பம் ஏற்றிக் கொடுத்தே மூன்று மாதம் போனது, அந்த மூன்று மாதமும் சங்கக் கூட்டம் கூடவில்லை.

மற்றப் பாதியைச் சொல்கிறேன். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்புக்காரர்கள் 1994-ல் ஊர் நடுவில் கூட்டம் போட்டு, பஞ்சாயத்து மஸ்டர் ரோலை (வேலைக்கு வந்தவர்கள் பெயரும் கூலியும் எழுதும் பதிவேட்டை) உரக்கப் படித்தார்கள். செத்துப் போனவர் பெயரில் கூலி எழுதியிருந்தது ஊருக்கே கேட்டது. அது போராட்டம்தானே? மஸ்டர் ரோல் எங்கே இருக்கும், அதில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள் என்று ஒருவருக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்தக் கூட்டம் நடந்தது. அதிலிருந்து வளர்ந்துதான் 2005 ஆர்டிஐ சட்டமே வந்தது. இப்போது மஸ்டர் ரோல் சர்வருக்குள் போய்விட்டது. நாமும் அங்கே போய்ப் படிக்க வேண்டாமா?

பேச்சிப்பாறை மேலே – செவ்வாய் இரவு 10.30

நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியில் இருந்து நாளுக்கு இரண்டு போட்டோ கட்டாயம் என்று வந்தது. எங்கள் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் சிக்னலுக்குப் பாறை மேல் ஏற வேண்டும். காலைப் போட்டோ ஏறி, மதியப் போட்டோ ஏறாமல் போன நாளில் மண்வெட்டி பிடித்த கைக்குக் கூலி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எழுதி வையுங்கள் என்று தம்பி சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். நோட்டு, பேனா, வாட்ச் எங்களிடம் இருக்கிறது.

நிரல்காரன், நாகர்கோவில் – புதன் காலை 7.40

கீரிப்பாறை அண்ணாச்சிக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தெலங்கானாவில் ‘சமக்ர வேதிகா’ என்று ஒரு மென்பொருள். வாகனம், நிலம், மின்சாரம் என்று பல துறைத் தரவுகளைச் சேர்த்து, பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டு, “இவரும் அவரும் ஒரே ஆள்” என்று கணிக்கும். ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த ஒருவரைக் கார் வைத்திருப்பவர் என்று கணித்தது, அந்தக் குடும்பத்தின் உணவு அட்டை போனது. தனியாகப் பார்த்தால் அது ஒரு குடும்பத்தின் கெட்ட நேரம். ரத்தான அட்டைகளை ஒட்டுமொத்தமாக எண்ணி, நேரில் போய்ப் பார்க்காமலே ரத்து செய்தார்கள் என்று சிலர் நீதிமன்றத்தில் வைத்தார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சுமார் 19 லட்சம் அட்டைகளை மறுபடி சரிபார்க்கச் சொன்னது. “அட்டையைத் திருப்பிக் கொடு” என்ற ஒரு வரிக் கோரிக்கைக்கு அந்தக் கணக்குதான் கை கால் கொடுத்தது.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். ஒரே வார்டில் எத்தனை மேரி, எத்தனை மரியாள், எத்தனை செல்வராஜ்! ஒரு பதிவில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். முகவரியில் பாதி ‘விளை’ என்று முடியும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழ் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயரே அட்டையில் ஏறியது ஒன்று. தமிழில் எழுதியதை இங்கிலீஷுக்கு மாற்றியவர் எப்படி எழுதினாரோ அப்படி. பெயரை வைத்து ஆளைப் பொருத்தும் எந்த மென்பொருளும் குமரி மாவட்டத்தில் தடுக்கி விழும். இதை நான் சொன்னால் ஒரு ஊகம். ஊரை அறிந்த ஒருவர் முந்நூறு பெயரை எடுத்துவைத்துக் காட்டினால் அது சான்று. டெக்னோபார்க்கில் இருந்து எத்தனை பேர் வந்தாலும் இந்த வேலையை அவர்களால் மட்டும் செய்ய முடியாது.

இங்கிலாந்துத் தபால் துறையின் ‘ஹொரைசன்’ கணக்கு மென்பொருள் கதையையும் தேடிப் படியுங்கள். 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகள் ஆனார்கள். தப்பு மென்பொருளில் இருந்தது. கிளை நடத்தியவர்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் பக்கமும் ஒரு தொழில்நுட்ப நிபுணரை நிறுத்திய பிறகுதான் 2019 டிசம்பரில் நீதிமன்றம் அதைச் சொன்னது. அதற்குள் சிலர் ஜெயிலுக்குப் போய் வந்திருந்தார்கள், சிலர் உயிரோடு இல்லை.

தக்கலை டீச்சர் – புதன் மாலை 5.15

நான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அறிவொளி இயக்கக் காலத்தில் சிம்னி விளக்கு வைத்துப் பாடம் நடத்தியவள். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு எரர் நம்பரைக் கண்டு நாம் பயப்பட வேண்டியதில்லை.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு முன் ஊர் நூலகத்தில் ஞாயிறு மதியம் ஆறு பெண்களோடு உட்கார்ந்தேன். இஞ்சினியர் ஒருவரும் இல்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இரண்டு, ஒரு மகளிர் குழுத் தலைவி, தையல்காரி ஒருத்தி, மீன் விற்கிற அம்மா ஒருவர், ஒரு அங்கன்வாடி உதவியாளர். முதல் நாள் கம்ப்யூட்டரே தொடவில்லை. நூறு நாள் வேலை நோட்டில் உள்ள பெயர்களைச் சீட்டுச் சீட்டாக எழுதித் தரையில் பரப்பினோம். வார்டு வாரியாக அடுக்குங்கள் என்றேன். பிறகு நாள் வாரியாக. பிறகு கூலி வராதவர்களை மட்டும் தனியாக எடுங்கள் என்றேன். மீன் விற்கிற அம்மா சட்டென்று சொன்னார், “டீச்சர், இதுல முக்காவாசி பேருக்கு ஒரே பேங்க்லதான் கணக்கு.” அடுத்த வாரம் அதையே லிப்ரேஆபீஸ் என்ற இலவச மென்பொருளின் அட்டவணையில் செய்தோம். வரிசைப்படுத்து, வடிகட்டு என்ற இரண்டு பொத்தான்கள். தரையில் செய்ததுதான் திரையில் நடக்கிறது என்று புரிந்ததும் பயம் போய்விட்டது. அந்த அம்மா இப்போது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் வேறு. ஒரு அலுவலகம் கொடுத்த பிடிஎஃப் பட்டியலில் இருந்து தமிழ்ப் பெயர்களை எடுத்து ஒட்டினால், ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாமல் கலங்கி வந்தது. இரண்டு வாரம் எங்கள் தப்பு என்றே நினைத்தோம். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அது என்று கடைசியில் ஒரு பையன் சொன்னான். 2010-லேயே யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறை) என்று அரசு முடிவு செய்தும், பழைய எழுத்துருக்கள் மேசைகளில் இன்னும் இருக்கின்றன. படத்தில் இருந்து எழுத்தைப் படிக்கும் ‘டெசராக்ட்’ என்ற இலவச மென்பொருளுக்குத் தமிழ் தெரியும், அதை வைத்து மீட்டோம். பெரிய பெரிய பயிற்சிப் புத்தகங்களில் இந்த மாதிரி விஷயம் இருப்பதில்லை. நம் மொழியில் வேலை செய்யும்போது முதல் முட்டுக்கட்டையே இதுதான்.

முந்திரித்தோப்பு, உங்கள் 11 பேரையும் ஒரு ஞாயிறு அனுப்புங்கள்.

மிடாலம்காரி – புதன் இரவு 11.45

நான் இஞ்சினியரிங் மூன்றாம் வருடம். ஒன்று கேட்க வேண்டும். ஒரு சான்றிதழ் இணையதளத்தில் என் சான்றிதழைத் திறந்தபோது முகவரிப் பட்டையில் என் விண்ணப்ப எண் தெரிந்தது. கடைசி இலக்கத்தை மாற்றினேன், வேறு ஒருவருடைய சான்றிதழ் வந்துவிட்டது. இன்னும் நிறைய எடுத்துக் காட்டினால்தான் நம்புவார்கள் என்று என் வகுப்பு நண்பன் சொல்கிறான். செய்யலாமா?

வழக்கு எண், பத்மநாபபுரம் – வியாழன் காலை 6.30

பிள்ளை, வேண்டாம். இப்போதே நிறுத்திவிடு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் அனுமதி இல்லாமல் நுழைவதும் தரவை எடுப்பதும் குற்றம். மூன்று வருடச் சிறை வரை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் செய்தேன் என்பதை நீதான் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டிவரும். அடுத்தவர் சான்றிதழ் எதையும் சேமித்து வைக்காதே. எந்தப் பக்கம், எந்த நேரம், என்ன நடந்தது என்று எழுதி, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு மின்னஞ்சல் அனுப்பு. பாதுகாப்பு ஓட்டைகளைப் பெற்றுக்கொள்ள அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் போடாதே. என்னிடம் ஒரு பிரதி கொடு.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். தொழில்நுட்பம் கற்றுக்கொடுக்கும்போது முதல் நாளே இந்தச் சட்டத்தையும் கற்றுக்கொடுங்கள். ஆர்வத்தில் ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டால் அதோடு அந்த ஊரில் யாரும் லேப்டாப்பைத் தொட மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை, மார்த்தாண்டம் – வியாழன் இரவு 8.50

எல்லோரும் அறிவைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன், சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

நல்ல பிள்ளை ஒன்றைப் பிடித்து ஒன்றரை வருடம் கற்றுக்கொடுத்தோம். கற்று முடித்த மூன்றாம் மாதம் முடிவதற்குள் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். தப்பே இல்லை, வீட்டில் கடன் இருக்கிறது. நாங்கள் கொடுத்தது பஸ் செலவும் சாப்பாடும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, முன்பு அது 50. பெரிய அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை எங்களைப் போன்ற சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. அதனால் தொழில்நுட்ப ஆள் பெருநகர அலுவலகத்தில் இருக்கிறார், பிரச்சினை இங்கே இருக்கிறது.

என் கருத்து, இந்த வேலைக்கு உள்ளூர்ப் பணம்தான் நிலையானது. தேவாலயப் பங்கு, சங்கம், மகளிர் குழுக் கூட்டமைப்பு, கல்லூரி என்று நாலு பேர் சேர்ந்து ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் போட்டால் அந்த ஆள் நாலு பேருக்கும் வேலை செய்வார். தெருவிளக்கு எரியப் பணம் போடுகிறோம். இதற்கும் போடலாம்.

குழித்துறைப் பாலம் – வியாழன் இரவு 10.05

எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் தெம்பு வரும். 2020 ஏப்ரலில் கேரளத்தில் கொரோனா நோயாளிகளின் விவரத்தை ஸ்ப்ரிங்ளர் என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் கொடுத்த ஒப்பந்தத்தைப் பலர் வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்டார்கள். அந்த மாதமே உயர் நீதிமன்றம், பெயர் நீக்கிவிட்டுக் கொடு, மக்களிடம் சம்மதம் வாங்கு என்று இடைக்கால உத்தரவு போட்டது. அங்கே கட்டற்ற மென்பொருள் (யாரும் திறந்து பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) ஆர்வலர்கள் இருபது வருடத்துக்கு மேலாக ஊன்றி இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம்மிடமும் விழுப்புரத்தில் லினக்ஸ் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. கணியம் அறக்கட்டளை எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறது. தூத்தூர் அண்ணன் சொன்ன கணியமும் இந்தப் பெயரும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

கீரிப்பாறை – வெள்ளி காலை 5.40

டீச்சர் தரையில் சீட்டுப் பரப்பியதைப் படித்தேன். அப்படி என்றால் நான் வருகிறேன். எங்கள் தோட்டத்தில் பால் எடை இப்போது மின்னணுத் தராசில் போடுகிறார்கள். அந்தக் கணக்கை நாங்கள் ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டுப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. எங்கள் சங்கத்தில் ஒரு தம்பிக்கு மட்டும் கம்ப்யூட்டர் தெரியும். பட்டியல், மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் அவனிடம். தலைவரே அவனைக் கேட்டுத்தான் பேச வேண்டிய நிலை வந்தது. அவன் கெட்டவன் இல்லை. கல்யாணமாகி வெளிநாடு போனான், ஆறு வருடக் கணக்கும் அவனோடு போனது. எதைக் கற்றாலும் இரண்டு பேராகக் கற்க வேண்டும், அதில் ஒருவர் தொழில் செய்கிறவராக இருக்க வேண்டும். எதை எழுதினாலும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்.

முந்திரித்தோப்பு, கருங்கல் – மூன்று வாரம் கழித்து, திங்கள் இரவு 9.25

நேற்று டீச்சர் நூலகத்துக்குப் போனோம். 11 பேரில் 9 பேர் வந்தார்கள். நாலு பேருக்கு மொபைல் எண் இணைப்பில் இல்லை, ஓடிபி வரவில்லை. ஐந்து பேருக்குத் திறந்தது.

ஒரு அக்காவின் பட்டியலை நிரல்காரன் தம்பி படிக்கப் படிக்க, பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை நோட்டில் எழுதினாள். நாலாம் தேதி காலை 10.12, தோல்வி, 300. 10.13, தோல்வி, 300. 10.15, தோல்வி, 300. அந்த அக்கா சட்டென்று, “அன்னைக்கு மழை, மக்ளே. குடைய மடக்கி வச்சிட்டு மூணு வெரலு வச்சேன்” என்றார். அவர் பட்ட அலைச்சலை நிமிடத்தோடு எழுதி யாரோ வைத்திருக்கிறார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. பதினாறாம் தேதிக்கு அவரே முந்திக்கொண்டு, “அன்னைக்கி ரெண்டு தடவ” என்றார். திரையிலும் இரண்டுதான்.

ஐந்து பேரில் நாலு பேருக்கு 300. ஒருவருக்கு 811. இத்தனை வருடமாக அவரும் விரல் தேய்ந்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார், பதிவிலேயே ரேகை இல்லை.

இன்று காலை அதே அலுவலகத்துக்குப் போனோம். நாலு பேரின் தேதி, நேரம், குறியீடு எழுதிய தாளையும் 2017 சுற்றறிக்கையையும் வைத்தேன். அதிகாரி தாளை இரண்டு தடவை படித்தார். பதிவேட்டில் எழுதிப் பொருள் கொடுக்கும்படி கடைக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஒரு கடைக்குத்தான் எழுதியிருக்கிறார், மற்றக் கடைகளுக்கு என்ன என்று கேட்டேன். “எண்ணிக்கை குடுங்க” என்றார். வக்கீல் சார் எழுதிக் கொடுத்த ஆர்டிஐயில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி மதியமே அனுப்பிவிட்டேன், அட்டவணைக் கோப்பாகத் தரவும் என்ற வரியோடு.

புதன்கிழமை 811 அக்காவையும் மொபைல் இல்லாத நாலு பேரையும் மார்த்தாண்டத்துக்குக் கூட்டிப் போகிறேன். நோட்டின் இன்னொரு பிரதி டீச்சரிடம் இருக்கிறது. கீரிப்பாறை அண்ணாச்சி, உங்கள் தராசுக் கணக்கு ரசீதுகளை அடுத்த ஞாயிறு எடுத்துக்கொண்டு வாருங்கள், கூட ஒரு ஆளோடு.